‘சிஸ்டம் தூக்காது சார்!’

உங்கள் ஊர்த் திருவிழாவை யூடியூபில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய யாரிடமாவது போய்க் கேளுங்கள். ஆலோசனை வராது, கொட்டேஷன் வரும். ஐ-7 பிராசஸர், 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, அதைக் குளிர்விக்க நாலு விசிறி, விசிறிக்குள்ளே கலர் கலராய் லைட். கூட்டினால் ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ‘வீட்டுல பையனோட பழைய லேப்டாப் சும்மாதான் கிடக்கு, அதுல முடியாதாப்பா?’ என்று தயங்கித் தயங்கிக் கேட்டால் ஒரு பரிதாபப் பார்வை. ‘சிஸ்டம் தூக்காது சார்.’

இந்த மூன்று சொல் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்த வார அப்பீல்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால் உறைக்காது. கோடியக்கரைக்கு வாருங்கள். தெற்கே இறங்கி வரும் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிற முனை. பெயரிலேயே கோடி. 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் முழுக்குப் போட ஜனம் வரும். இதையெல்லாம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் பிழைப்புக்குப் போய்விட்ட இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப், அல்லது யாரோ கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர். அவரிடம்தான் ஒரு லட்சம் எடுத்து வை என்கிறோம்.

டெல்டாக்காரர்களுக்கு இது பழகிய கதை. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி மதகைத் திறந்து பூத்தூவிவிட்டு, ‘தண்ணீர் விட்டாச்சு’ என்பார்கள். வேதாரண்யம் தாலுகா கடைமடை. தலைமடைக்காரன் குளித்து, துவைத்து, நட்டு, களையெடுத்த பிறகு மிச்சம் இருந்தால் இங்கே வரும். மென்பொருளுக்கும் தலைமடை, கடைமடை உண்டு. எழுதுகிறவர் மேசையில் இருக்கும் மெஷின் தலைமடை. அங்கே பாய்வது இங்கே பாயாது. பாயாததற்குக் குற்றவாளி வயலா, வாய்க்காலா?

கம்ப்யூட்டர் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், பெருக்கல் கணக்குதான். முழு எச்.டி. படம் என்பது 1920-க்கு 1080. அதாவது ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளி. புள்ளிக்கு நாலு பைட் வைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 50 கோடி பைட். இதை அப்படியே ஃபோன் லைனில் அனுப்ப முடியாது. ஏழரை லட்சம் பைட்டாகச் சுருக்கினால்தான் 6 எம்.பி.பி.எஸ். வேகத்தில் போகும். ஒரு லாரி நெல்லை ஒவ்வொரு விநாடியும் ஒரு மஞ்சள் பையில் திணிக்கிற வேலை. அந்தத் திணிப்பில்தான் பழைய பிராசஸர் மூச்சு வாங்குகிறது.

ஆனால் லாரி நெல்லைக் கொட்டச் சொன்னது யார்?

நேரலைக்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படுவது ஓ.பி.எஸ். என்கிற இலவச மென்பொருள். 2012-ல் ஹியூ பெய்லி என்பவர் தொடங்கியது. மூலநிரலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை, கும்பிட வேண்டிய காரியம். ஆனால் அதை வளர்த்த கூட்டம் பெரும்பாலும் வீடியோ கேம் ஆடுகிறவர்கள். ஆடிக்கொண்டே அதை ஊருக்குக் காட்டுகிறவர்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டில் விநாடிக்கு 60 படம் தேவைதான். குண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். நம் நாயனக்காரர் குண்டு எதுவும் போடுவதில்லை. இருந்தும் யூடியூபில் ‘பெஸ்ட் செட்டிங்ஸ்’ என்று தேடும் நம் தம்பிகள் அந்த கேம் ஆசாமிகளின் எண்களைத்தான் அப்படியே காப்பியடிக்கிறார்கள்.

1280-க்கு 720, விநாடிக்கு 25 படம் வைத்துப் பாருங்கள். 2 கோடியே 30 லட்சம் புள்ளி. முன்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! காசு செலவில்லாமல் உங்கள் கம்ப்யூட்டர் ஐந்து மடங்கு பெரிசாகிவிட்டது. 25 என்ன கணக்கு என்றால், தூர்தர்ஷன் காலத்திலிருந்து நம் நாட்டு டி.வி.க்கு அதுதான் எண். ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து யாரும் ஃபிரேம் பத்தலை என்று எழுந்து போகவில்லை. இன்னொரு லாபமும் உண்டு: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டரையும் அதற்கு இசைவாக, ஐம்பதில் ஒரு விநாடிக்கு வைத்தால் பந்தல் டியூப் லைட் படத்தில் சிமிட்டுவதும் அடங்கும்.

‘அப்ப நம்ம ஊரை மட்டும் மங்கலா காட்டணுமா?’ என்று ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும். பார்க்கிறவர் எதில் பார்க்கிறார்? உள்ளங்கை அகல ஃபோனில், பஸ்ஸில் நின்றுகொண்டு. நீங்கள் எவ்வளவு பெரிதாக அனுப்பினாலும் யூடியூப் தன் பங்குக்கு அதை வெட்டி, 480, 360 என்று சின்னச் சின்ன அளவுகளாக ஆக்கித்தான் சிக்னல் குறைந்த ஃபோனுக்குக் கொடுக்கிறது. முழு எச்.டி.யில் திக்கித் திக்கி நிற்கும் தீபாராதனை நல்லதா, 720-ல் தடையில்லாமல் ஓடும் தீபாராதனை நல்லதா? சூடம் காட்டும் நொடியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த எச்.டி.யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டேட்டா கணக்கும் இதிலேயே இருக்கிறது. 2.5 எம்.பி.பி.எஸ்.ஸில் அனுப்பினால் மணிக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி. 6-ல் அனுப்பினால் 2.7 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் போட்டவருக்கு முதலாவதில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். இரண்டாவதில் முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும். சாமி இன்னும் புறப்பட்டிருக்கவே மாட்டார்.

தேவைக்குத் தகுந்த அளவு என்பதற்கு ஒரு வேடிக்கையான முன்னுதாரணம். 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபி ஜாடியில் காபி இருக்கிறதா என்று மாடியேறிப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு கேமராவை அதன் எதிரில் வைத்தார்கள். 128-க்கு 128, கறுப்பு வெள்ளை. 1993-ல் அதை இணையத்தில் விட்டார்கள். உலகம் முழுக்கப் பார்த்தது. 2001 ஆகஸ்டில்தான் நிறுத்தினார்கள். ஜாடியில் காபி உண்டா இல்லையா என்பது தெரிய அந்தப் புள்ளிகள் போதுமானதாக இருந்தன.

சரி, அளவைக் குறைத்தாயிற்று. இன்னும் திக்குகிறது. உடனே ‘புது சிஸ்டம்தான் வழி’ என்று ஓடாதீர்கள். இந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஓ.பி.எஸ்.ஸில் ‘ஸ்டாட்ஸ்’ என்று ஒரு பலகை இருக்கிறது. மூன்று எண்கள் காட்டும். படத்தை அடுக்கிக் கோப்பதில் தவறியவை எத்தனை, சுருக்குவதில் விட்டுப்போனவை எத்தனை, நெட்டில் அனுப்ப முடியாமல் கைவிட்டவை எத்தனை. முதலாவது ஏறினால் கிராஃபிக்ஸ் சில்லு திணறுகிறது. இரண்டாவது என்றால் பிராசஸர். மூன்றாவது என்றால் கம்ப்யூட்டர் மேல் பழியே இல்லை, லைன் சரியில்லை. கடன் வாங்கி எழுபதாயிரத்துக்கு மெஷின் வாங்கி, அதே ஊரில் அதே டாங்கிளைச் செருகி, அதே மாதிரி திக்கித் திக்கி நிற்பதைப் பார்த்து நொந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்யாமலே ஆபரேஷன் செய்த கதை. அந்தப் பலகையைத் திறந்து பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

இரண்டாவது எண்தான் வில்லன் என்றால் அதற்கும் மருந்து உள்ளேயே இருக்கிறது. சுருக்கும் வேலையைச் செய்வது எக்ஸ்-264 என்கிற நிரல். அதற்கு ‘அல்ட்ராஃபாஸ்ட்’டில் ஆரம்பித்து ‘வெரி ஸ்லோ’ வரைக்கும், அதற்கு அப்பாலும் கியர்கள் உண்டு. நிதானமான கியரில் படம் அழகாகும், பிராசஸர் சாகும். ஓ.பி.எஸ். வழக்கமாக வைத்துத் தருவது ‘வெரிஃபாஸ்ட்’. பழைய மெஷினில் ஒரு படி இறங்கி ‘சூப்பர்ஃபாஸ்ட்’ போடலாம். என் கட்சி: முதலில் படத்தின் அளவைக் குறையுங்கள், கியரில் கைவைப்பது அப்புறம். அவசரக் கியரில் பெரிய படம் கட்டம் கட்டமாக உடையும். நிதானக் கியரில் சின்னப் படம் சுத்தமாக இருக்கும். கேமராவையே 720-ல் வையுங்கள். பெரிசாக வாங்கி உள்ளே சின்னதாக்குவது வெட்டி வேலை. அனுப்புவதையே பதிவும் செய்ய வேண்டுமா? ஒருமுறை சுருக்கியதையே எழுதிக்கொள்ளும்படி சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டு தடவை சுருக்க வைத்து மெஷினைத் திட்டுகிறோம்.

அடுத்து நம் அழகுணர்ச்சி. இதைச் சொன்னால் சில நண்பர்கள் பேச மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஃபிளக்ஸ் போர்டு கலாசாரத்தை அப்படியே வீடியோவுக்குள் கொண்டுவந்துவிட்டோம். மேல் மூலையில் சுழலும் லோகோ. கீழே ஓடும் எழுத்தில் உபயதாரர் பட்டியல்: நகைக்கடை, ரியல் எஸ்டேட், ‘அன்புத் தம்பிகள்’. பக்கவாட்டில் மின்னும் குத்துவிளக்கு. நடுவில் எங்கேயோ சாமி. வீடியோ சுருக்கத்தின் ரகசியம், முந்தின படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்புவது. மாறாத சுவர், மாறாத கோபுரம் எல்லாம் ஏறக்குறைய இலவசம். எது அசைகிறதோ அதற்குத்தான் கூலி. நீங்களோ அசையாத இடத்தையெல்லாம் அசைய வைக்கிறீர்கள்! அதோடு இந்த ஜிகினாக்களில் பலதை ‘பிரவுசர் சோர்ஸ்’ என்ற வழியில் போடுகிறார்கள். அதற்காக ஓ.பி.எஸ்.ஸுக்குள் ஒரு குரோம் பிரவுசரே ஓடுகிறது. 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அது வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிவிடும். உபயதாரர் பெயரை ஒரு அசையாத படமாகப் போடுங்கள். அவரும் படிக்கும்படி இருக்கும். ஒளிபரப்பு ஆரம்பித்த பின் முன்னோட்டத் திரையை அணைத்துவிடலாம். இரட்டைத் திரை காட்டும் ‘ஸ்டூடியோ மோட்’ வேண்டாம்.

கோடியக்கரைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. சுருக்கும் நிரல்களுக்குப் பிடிக்காத காட்சிகள் என்று பட்டியல் போட்டால் கடலலையும், காற்றில் ஆடும் இலையும், ஒரே நேரத்தில் எழும்பும் பறவைக் கூட்டமும் முதல் வரிசையில் நிற்கும். எல்லாப் புள்ளியும் வேறு வேறு திசையில் அசைகின்றன. எதையும் ‘முன்போலவே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கே அந்த மூன்றும்தான் இருக்கின்றன! கேமராவைக் கையில் பிடித்து ஆட்டாமல் ஸ்டாண்டில் நிறுத்துவது பாதிப் பாரத்தைக் குறைக்கும். அலையைச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் கொஞ்சமாக வைத்து, வானத்துக்கு அதிக இடம் கொடுங்கள். வானம் சும்மா இருக்கும். (சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி முதலில். பூநாரையைப் பறக்கவைத்துப் படம் பிடிக்க டிரோன் விடுகிற உத்தமர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.)

எல்லாவற்றையும்விட அநியாயமான வீண்செலவு ஒன்று இருக்கிறது. இன்று கோயில், கடை, தெருமுனை எங்கும் சி.சி.டி.வி. கேமரா. நெட்வொர்க்கில் இணைகிற ரகக் கேமராவுக்குள்ளேயே படத்தைச் சுருக்கும் சில்லு இருக்கிறது. வெளியே வரும்போதே மஞ்சள் பையாகத்தான் வருகிறது. அதை ஓ.பி.எஸ்.ஸில் கோத்தால் என்ன நடக்கிறது? பையை அவிழ்த்து, லாரி நெல்லாகக் கொட்டி, திரும்ப அதே பையில் திணிக்கிறது. ஒரே கேமராதான், லோகோ வேண்டாம் என்றால் இந்தக் கூத்தே வேண்டாம். எஃப்.எஃப்.எம்பெக் என்று ஒரு இலவசக் கருவி 2000-லிருந்து இருக்கிறது. கேமரா எச்.264 வடிவில் தருவதை அவிழ்க்காமல் அப்படியே யூடியூபுக்குத் தள்ளிவிடு என்று அதற்கு ஒரே வரியில் கட்டளை கொடுக்கலாம். கேமராவில் மைக் இல்லாவிட்டால் மௌனமான ஒரு ஒலித்தடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பிராசஸருக்கு வேலையே இல்லை. தபால்காரர் கவரைப் பிரித்துப் படிக்காமல் கொண்டு கொடுக்கிற மாதிரி. கட்டைவிரல் உயரத்துக்கு அடங்கும் ராஸ்பெரி பை போர்டுகூட இதை நாள் முழுக்கச் செய்யும்.

ராஸ்பெரி பை என்றதும் ஞாபகம் வருகிறது. 2012-ல் 35 டாலருக்கு வந்த முதல் போர்டிலேயே வீடியோ சுருக்கத் தனிச் சுற்று இருந்தது. 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பிராசஸர் பிரமாதம், ஆனால் அந்தத் தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள். புதியது எல்லாம் மேலானது என்று நம்புகிறவர்கள் கவனிக்க. இன்டெல் கம்பெனியும் 2011-ல் ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் இதே போன்ற சுற்றைச் சில்லுக்குள் வைத்தது. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் வீடியோவைச் சுருக்கும். ஆனால் மலிவு விலை பெண்டியம், செலரானுக்கு அந்த வசதி 2013-ல் வந்த தலைமுறையிலிருந்துதான். யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களுக்குக் கடைசியில்! கடைமடை என்று நான் சொன்னது இதைத்தான். உங்கள் லேப்டாப் அதற்குப் பிற்பட்டது என்றால் ஓ.பி.எஸ். செட்டிங்கில் அந்தச் சுற்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இருப்பது தெரியாமலே பலர் பிராசஸரை வறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மென்பொருள் பெருத்துக்கொண்டே போவது புது வியாதி இல்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே கட்டுரை எழுதிக் கண்டித்தார்: வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்று. முப்பது வருஷம் ஆகிவிட்டது. 2022-ல் ஓ.பி.எஸ். 28-ம் பதிப்பு விண்டோஸ் 7, 8-ஐயும் 32-பிட்டையும் கைகழுவியது. 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை நிறுத்தியது. பதினொன்றுக்கு மாறலாம் என்றால் ‘உன் மெஷினுக்குத் தகுதி போதாது’ என்கிறது. நேற்று வரை ஓடியது இன்று தகுதி இழப்பது எப்படி? பாதுகாப்புக் காரணங்கள் சொல்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. குப்பைக்குப் போகும் கம்ப்யூட்டர்களும் உண்மைதான்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் இலவச லேப்டாப்கள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கிய கையோடு அதை அழித்தவர்கள் எத்தனையோ. அந்த மெஷின்களில் எத்தனை பரணில் கிடக்கின்றன? லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றி, மேலே சொன்ன சிக்கனங்களைச் செய்தால் ஒரு கேமரா, ஒரு மைக் வைத்த நேரலைக்கு அவற்றில் கணிசமானவை இன்னும் தேறும். சட்டமன்றக் கேள்வி நேரத்தை நேரலையாகப் பார்க்க 2022 ஜனவரி வரை காத்திருந்தோம். நம் மாநிலத்தில் 12 ஆயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றின் கிராம சபைகளை வெளியூர்ப் பிள்ளைகள் பார்க்க ஏன் முடியவில்லை என்று கேட்டால், இங்கேயும் ‘சிஸ்டம் இல்லை சார்’ என்பார்கள். இருக்கிற சிஸ்டத்தில் செய்துவிட்டால் சொல்ல வேறு காரணம் தேட வேண்டிவரும்.

‘ஃபோனிலேயே லைவ் போட்டுடலாமே, கம்ப்யூட்டர் எதுக்கு?’ நியாயமான கேள்வி. அரை மணி நேரம், ஒரே கோணம் என்றால் ஃபோனே போதும். அதற்குள்ளும் சுருக்கும் சில்லு இருக்கிறது. ஆனால் ஆறு மணி நேரத் திருவிழாவில், சித்திரை வெயிலில், ஃபோன் சூடேறித் தானே அணைந்துகொள்ளும். நாயனத்துக்கு நல்ல மைக் மாட்ட வேண்டும், கோபுரத்திலிருந்து தேருக்குக் காட்சி மாற்ற வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் வேண்டும். மைக் என்றதும் ஒன்று: படம் கொஞ்சம் மங்கினால் ஜனம் மன்னிக்கும். நாயனம் கரகரத்தால் சேனலை மாற்றிவிடும். ஒலியைச் சுருக்க பிராசஸருக்கு ஆகும் பாரம் தூசு. மிச்சம் பிடித்த லட்சத்தில் சில ஆயிரத்தை அங்கே போடுங்கள்.

சிக்கனம் பேசுவது கஞ்சத்தனத்தால் இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னை, மா, மின்கம்பம் எல்லாம் சாய்ந்தன. வேதாரண்யம் பக்கம் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் ஒரு 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும்தான் கையில் என்று வையுங்கள். காகிதக் கணக்கில் 1,800 வாட்-ஹவர். 300 வாட் தின்னும் விளையாட்டு கம்ப்யூட்டர் அதில் ஆறு மணி நேரம் ஓடும், நிஜத்தில் நாலு. 30 வாட்டில் ஓடும் பழைய லேப்டாப் கணக்குப்படி 60 மணி நேரம்; பாதி என்றே வைத்தாலும் ஒரு நாளுக்கு மேல். செல்போன் டவர் உயிர் பெற்ற நிமிஷத்தில் ‘எங்க தெருவைப் பாருங்க, இன்னும் யாரும் வரலை’ என்று காட்டக்கூடிய மெஷின் எது?

ஆடி அமாவாசைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு: ஒரு வாரம் முன்பே, அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சிம்மில் ஒத்திகை பாருங்கள். ஸ்டாட்ஸ் பலகை திறந்தே இருக்கட்டும். அதற்கு முன்னால் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் துடைத்துவிடுங்கள். சூடானால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே உப்புக்காற்று வேறு. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும்.